எல்லாம் நீலமாகத் தெரிகிறதா?

‘மூன்று வயது மகன் எந்த நிறத்தைக் காட்டினாலும் நீலம் என்கிறான். கண்ணில் கோளாறா, மூளையிலா?’ என்று கேட்கிறார் ஒரு வாசகி. கடிதத்தோடு ஒரு விளம்பரமும் வந்திருக்கிறது: தொட்டால் நிறப்பெயரைச் சொல்லும் மின்னணு அட்டைகள். வாங்கலாமா என்கிறார். வேண்டாம்.

கோளாறு பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. நான்கு மாதக் குழந்தையே நீலத்தையும் பச்சையையும் வேறுவேறாகப் பார்க்கிறது. ஒரே நிறத்தைக் காட்டிக் காட்டிச் சலிக்கவைத்து, புது நிறம் வந்ததும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிறது என்று அளந்து இதைக் கண்டறிந்தார்கள். நிறம் தெரிகிறது, பெயர்தான் ஒட்டவில்லை. சந்தேகமிருந்தால் பெயரே கேட்காதீர்கள். பாட்டில் மூடிகளைக் கொட்டி ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். சிவப்பையும் பச்சையையும் தொடர்ந்து குழப்பினால் கண் மருத்துவரிடம் போகலாம். அந்தக் குறை ஆண் பிள்ளைகளுக்கே அதிகம்.

வரலாறு இல்லாமல் கட்டுரையா என்பவர்களுக்காக: தன் பிள்ளைகள் நிறப்பெயர்களில் தடுமாறியதைப் பார்த்து, நிறக்குருடோ என்று டார்வினே பயந்திருக்கிறார், அது வீண் பயம் என்று 1877இல் எழுதினார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரி, வடிவமும் அளவும் ஒன்றாக, நிறம் மட்டும் மாறும் சிறு பலகைகளைப் பயன்படுத்தினார். போதும்.

பெயர் ஏன் ஒட்டவில்லை என்பதில்தான் சுவாரசியம். ‘நீலம்’ என்ற சொல் காதில் விழும்போது கண்ணெதிரே ஒரு பந்து. உருண்டை, வழவழப்பு, உருள்வது, அம்மா கையில் இருப்பது. இதில் எது நீலம்?

கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு வந்தால் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று வையுங்கள். கத்தரிக்காயா, வடையா, பாயசத்து முந்திரியா? ஒரு பந்தியை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்த கல்யாணத்தில் வடை உண்டு, அரிப்பு இல்லை, வடை தப்பித்தது. அதற்கடுத்ததில் முந்திரி தப்பித்தது. மிச்சம் கத்தரிக்காய். (அதற்குள் மொய் எழுதியே கடனாளியாகியிருப்போம். ஆடி வந்தால் ஆராய்ச்சியே நின்றுவிடும்.) குழந்தையும் இப்படித்தான் ஆளைப் பிடிக்கிறது. உருண்டையைப் பார்த்து ‘நீலம்’ வரும் என்று காத்திருக்கிறது; ‘சிவப்பு’ வருகிறது; உருண்டை மேலிருந்த சந்தேகம் கொஞ்சம் குறைகிறது. ஒவ்வொரு ஏமாற்றமும் ஒரு கழித்தல்.

ஏமாற வேண்டுமென்றால் முதலில் எதிர்பார்க்க வேண்டும். அதனால் பொருள் முந்தி, நிறப்பெயர் பிந்தி. மைக்கேல் ராம்ஸ்கரும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு ‘சிவப்புப் பந்து’ என்கிற வரிசையைவிட ‘இந்தப் பந்து சிவப்பு’ என்கிற வரிசையே உதவியது. பந்து என்றதும் கண் பந்துக்குப் போய்விடுகிறது. பிறகு வரும் சொல்லுக்குப் பொறுப்பேற்க அங்கே இருப்பவை சிலவே. ஆய்வு ஒன்றுதான், அதுவும் ஆங்கிலத்தில் நடந்தது. இதை வைத்து யாராவது ‘மூளை வளர்ச்சிப் பெட்டி’ விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள். ஆனால் வாக்கியத்தைத் திருப்பிப் போட யாரும் காசு கேட்பதில்லை.

ஆப்பிளுக்குச் சிவப்பு, வாழைப்பழத்துக்கு மஞ்சள் என்று காட்டும் அட்டை இந்தக் கழித்தலைத்தான் கெடுக்கிறது. மஞ்சள் என்பது வாழைப்பழத்தின் செல்லப்பெயர் என்று பையன் முடிவுகட்டினாலும் அட்டை மறுக்காது.

வேலியோரச் சங்குப்பூ அதைவிட நல்ல வாத்தியார். நீலப் பூவாகப் பாருங்கள், வெள்ளை உதவாது. வெந்நீரில் போட்டு, ஆறியதும் ஒரே மாதிரி இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றுங்கள். ‘இந்தத் தண்ணீர் நீலம்.’ ஒன்றில் மட்டும் எலுமிச்சையைச் சில சொட்டு பிழிய விடுங்கள். ‘இந்தத் தண்ணீர் ஊதா.’ தம்ளரும் தண்ணீரும் அப்படியே இருக்க, சொல் மட்டும் மாறிவிட்டது. சந்தேகப்பட நிறத்தைத் தவிர வேறு ஆளில்லை. எலுமிச்சைக்குப் பதில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் தண்ணீர் பச்சைப் பக்கம் சாயும். அதையும் நீலம் என்றால் திருத்த அவசரப்படாதீர்கள். அடுத்த தம்ளரை எடுங்கள்.