டவுண் கூட்டறிகுறியுடைய சிறாரும் மூக்குக்கண்ணாடியும்

1866 இல் ஆங்கில மருத்துவர் யோன் இலாங்டன் டவுண் விவரித்த நிலையுடன் பிறந்த சிறார் பாடநூலிற் கருத்தூன்றாராயின், அறிவுக்குறையே காரணமெனப் பலர் கொள்வர். அது முற்றும் பொருந்தாது.

அண்மைப் பொருளை நோக்குங்கால் கண்வில்லை தடித்துக் குவிதல் இயல்பு. இச்சிறாருட் பெரும்பாலார்க்கு அது போதியவாறு நிகழ்வதில்லை. ஆதலின், சேய்மைப் பார்வைக்கு மட்டும் அளந்து வழங்கிய மூக்குக்கண்ணாடி எழுத்தைத் தெளிவாகக் காட்டாது. வேல்சு நாட்டுக் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வுகள், கீழ்ப்பாகத்தில் வாசிப்புக்குரிய வலுச் சேர்த்த இருகுவிய வில்லை பயன்றருமெனக் காட்டின. சிலர்க்குக் கண்ணே பின்னர் குவியப் பழகிற்று.

“எது தெளிவு?” என்னும் வினாவுக்கு விடைகூற இயலாதாரையும், கண்ணுட் செலுத்திய ஒளி மீளும் அசைவைக்கொண்டு அளக்கலாம். ஆகவே, மாணவனை மந்தனெனத் துணியுமுன் அவனது அண்மைப் பார்வையை அளப்பித்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கடனாம்.