பூட்டு உடையாது, கடை மட்டும் அடைபடும்

குமுளி ஏலக்காயோ, வாளையாறு தாண்டும் ஜவுளியோ, ரூ. 50,000-க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லை கடக்க 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் வேண்டும். அதை இணையத்தில்தான் எடுக்கிறோம். வங்கிக் கணக்கும் அப்படியே. இந்தப் போக்குவரத்தைப் பிறர் படிக்காதபடி பூட்டி வைப்பது மறையாக்க மென்பொருள். அவற்றில் உலகெங்கும் பெரிதும் புழங்குவது ஓப்பன் எஸ்எஸ்எல்.

பூட்டு பலமானால் பயமில்லை என்போம். அது பாதி உண்மைதான். திருடன் பூட்டைத் தொடாமல், வாசல் காவல்காரனைத் தீராத கணக்கில் மாட்டிவிட்டாலும் கடை நடக்காதே! இதற்குச் சேவை மறுப்புத் தாக்குதல் என்று பெயர்.

2022 மார்ச் 15 அன்று வெளியான குறை இதற்கு நல்ல உதாரணம். கண்டறிந்தவர் கூகுளின் டேவிஸ் ஓர்மண்டி. ஓர் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் கொண்டு வர்க்கமூலம் காணும் கணக்கு இம்மென்பொருளில் உண்டு. வகுக்கும் எண் பகா எண்ணானால் கணக்கு முடியும். பகு எண்ணைக் கொடுத்தாலோ முடியாமலே சுற்றக்கூடும். அப்படியோர் எண்ணைச் சான்றிதழில் பொதிந்து அனுப்பினால், அதைப் படிக்கும் மென்பொருள் அங்கேயே நின்றுவிடும். கையெழுத்தைச் சரிபார்க்கும் முன்பே சான்றிதழைப் பிரித்துப் படிப்பதால் போலிச் சான்றிதழே போதும்! ரகசியம் ஒன்றும் களவு போகாது, வேலைதான் நின்றுபோகும்.

சுற்றுக்கு வரம்பு கட்டி 3.0.2 பதிப்பு அன்றே வந்தது. ஆனால் மருந்து வந்தால் போதுமா, சாப்பிட வேண்டாமா? கணினி 'அப்டேட்' கேட்டால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பில்லையும் லாரி கிளம்பும் நேரம் வரை விட்டுவைக்காதீர்கள்.