கடையும் கணினியும் – 9: ஒரே வீட்டில் மூன்று குடித்தனம்

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடை. மாடிப்படிக்கு அடியில், துணி மூட்டைகளுக்கு நடுவே மூன்று கணினிகள். ஒன்றில் பில்லிங், ஒன்றில் டேலி, மூன்றாவதில் ஊழியர் வருகைப் பதிவு.

"எதுக்குண்ணே மூணு?"

"எல்லாத்தையும் ஒண்ணுல போட்டு, அது படுத்துட்டா கடையே நின்னுருமே தம்பி" என்றார் முதலாளி.

நியாயமான பயம். ஆனால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், மூன்றிலும் பிராசசர் உழைப்பு பத்து சதவீதத்தைத் தொடவில்லை. மூன்று யுபிஎஸ் பேட்டரிக்கு மட்டும் ஒழுங்காகச் செலவாகிறது.

ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு மெய்நிகராக்கத்தை விளக்கவே வேண்டாம். வீடு ஒன்று, கிணறு ஒன்று. அடுப்பும் பூட்டும் தனித்தனி. ஒரே சர்வருக்குள் பல கணினிகளை அப்படிக் குடிவைக்கிறோம். யாருக்கு எவ்வளவு ரேம், எவ்வளவு டிஸ்க் என்று அளந்துவிடும் வீட்டுக்காரருக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். குடியிருக்கும் கணினி வி.எம். உள்ளே ஓடும் விண்டோஸ் அதைச் சொந்த வீடு என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பில்லிங் தொங்கினாலும் பக்கத்துக் குடித்தனத்தில் டேலி ஓடும்.

புதுச் சரக்கும் இல்லை. ஐபிஎம் 1972இலேயே தன் பெரிய கணினிகளுக்கு இதே வேலையைச் செய்யும் விஎம்/370ஐ அறிவித்துவிட்டது. 1998இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் இந்த வித்தையைச் சாதாரண இன்டெல் பெட்டிக்கு இறக்கியது.

இட மிச்சம், கரண்ட் மிச்சம் எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். புதுக்கோட்டைக்காரர்களிடம் நான் சொல்லும் காரணம் 2018 நவம்பர் 16. வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஆலங்குடி, கீரமங்கலம் வரை தென்னையைச் சாய்த்துக்கொண்டு வந்தது. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிய நாட்கள் அவை. அப்படியொரு வாரத்தில் கடைக் கணக்கைத் திருச்சியில் இருக்கும் மைத்துனர் அலுவலகத்தில் ஓடவைக்க வேண்டுமென்றால்? பழைய முறையில் புதுக் கணினி வாங்கி, விண்டோஸ் ஏற்றி, டேலி ஏற்றி, பிரின்டரோடு மல்லுக்கட்டி... இரண்டு நாள் போய்விடும்.

வி.எம். என்பதோ கடைசியில் சில கோப்புகள்தான். உள்ளங்கை அளவு வெளி டிஸ்கில் அடங்கிவிடும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திருச்சி பஸ் ஏறலாம். அங்கே இருப்பது வேறு கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும், அதே ஹைப்பர்வைசர் இருந்தால் அதே திரை, கடைசியாக நகலெடுத்த பில் எண்ணோடு எழுந்து நிற்கும். தமிழக அரசு சென்னையிலுள்ள தன் தரவு மையத்துக்குத் துணையாகத் திருச்சியில் பேரிடர் மீட்பு மையம் வைத்திருப்பதும் இதே கணக்கில்தான்.

முதலாளியின் பயத்துக்கு வருவோம். வீடு இடிந்தால் மூன்று குடித்தனமும் தெருவில்தான். அதனால் மூன்று பெட்டியை ஒன்றாக்காதீர்கள், இரண்டாக்குங்கள். ஒன்று ஓடட்டும், மற்றொன்று நகலோடு காத்திருக்கட்டும். வி.எம்.மின் அந்த நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டை எடுத்துவிட்டு பேக்கப் எடுத்ததாக நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. அது அதே டிஸ்கில் இருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் போகும்.

செலவு விஷயம்: 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது, அடுத்த மாதமே ஒரேயடியாக வாங்கும் உரிமத்தை நிறுத்திச் சந்தா முறைக்குப் போனது. சிறு கடைக்கு அது கட்டாது. வியன்னாவிலிருந்து வரும் பிராக்ஸ்மாக்ஸ் ஹைப்பர்வைசர் இலவசம், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். விண்டோஸ் உரிமம் மட்டும் இலவசம் இல்லை: சர்வர் ஸ்டாண்டர்டு உரிமம் ஒன்று இரண்டு வி.எம்.களுக்குத்தான். மூன்றாவதை, முடிந்தால், லினக்ஸில் வையுங்கள்.

எடுத்த நகல் எழுந்திருக்குமா என்று யாரும் பார்ப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த டிஸ்கை இரண்டாவது பெட்டியில் மாட்டி, ஒரு பழைய பில்லைத் திறந்து பாருங்கள். நவம்பர் வருவதற்குள் ஒருமுறையாவது.

(தொடரும்)