சட்டத்தில் தேட சரியான சொல் வேண்டும்!

ஆலங்காயத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிறவள். "அக்கா, கைக்குழந்தையை வச்சுக்க கம்பெனியில இடம் தரணுமாமே, நிஜமா?" என்றாள்.

மத்திய அரசின் 'இந்தியா கோட்' இணையதளத்தில் தேடினோம். 'சைல்டு' என்றால் என்னென்னவோ குவியும். சட்டத்தின் சொல் 'கிரெஷ்'. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020, பிரிவு 67: 50 பேர் வேலை செய்தாலே காப்பகம் வேண்டும், தாய் தினம் 4 தடவை போய்ப் பார்க்கலாம். பிரிவு 66-ன்படி, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க 2 இடைவேளை. (டீ குடிக்க விடுவது கணக்கில் சேராது!)

ஏ.ஐ.யிடம் கேட்கிறீர்களா? நீங்கள் கேட்கும் சொல்லைப் பொறுத்து அதன் பதிலும் மாறலாம். பழைய 1961 சட்டத்தையே ஒப்பித்தாலும் ஒப்பிக்கும். புதியது 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. பிரிவு எண்ணையும் கேட்டு வாங்கி, தளத்தில் நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.