‘ஷைத்தான்’ விளையாட்டுப் புத்தகம் வீட்டுக்குள் வந்தால்... பெற்றோர் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்



மஃரிப் நேரம் நெருங்கினால் தெருவில் விளையாடும் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்வது நம் ஊர்களில் இன்றும் உள்ள பழக்கம். கட்டுமாவடி முதல் மீமிசல் வரை புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை ஊர்கள் எதில் கேட்டாலும், “ஷைத்தான் உலாவுற நேரம், உள்ளே வா” என்று உம்மாமார் சொல்வது காதில் விழும். இதற்கு மார்க்கத்தில் ஆதாரமும் உண்டு. இரவு படரத் தொடங்கும் நேரத்தில் ஷைத்தான்கள் பரவுகின்றன, பிள்ளைகளைத் தடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது.

அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளை, சென்னையிலோ திருச்சியிலோ சிங்கப்பூரிலோ படித்துவிட்டு விடுமுறைக்கு வருகிறான். அவன் பையில் கறுப்பு அட்டை போட்ட ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம், ஒரு கை நிறையப் பகடைகள், ஏதேதோ எழுதிய தாள்கள். புத்தகத்தின் பெயரிலேயே ‘டீமன்’ என்று இருக்கிறது. “நண்பர்களோடு ஆடுற விளையாட்டும்மா” என்கிறான். வீட்டில் எல்லோருக்கும் பகீரென்கிறது. அன்றிரவே ஒருவர் தாயத்துக் கட்டச் சொல்கிறார். இன்னொருவர் புத்தகத்தைக் கொளுத்தச் சொல்கிறார். வேறொருவர், “பையனுக்கு ஏதோ பிடிச்சிருக்கு” என்றே முடிவு செய்துவிடுகிறார்.

இத்தகைய விளையாட்டு என்ன, அதில் மார்க்கத்துக்கு முரணானது எது, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

இது என்ன விளையாட்டு?

நமக்குத் தெரிந்த தாயம், பரமபதம் போல இதில் காய் நகர்த்துவது கிடையாது. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதை நடத்துபவர். மற்ற ஒவ்வொருவரும் அந்தக் கதையில் ஒரு பாத்திரம். பாத்திரத்தின் பலம், பலவீனம் எல்லாம் ஒரு தாளில் எண்களாக எழுதப்பட்டிருக்கும். “நீ ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறாய், கதவு பூட்டியிருக்கிறது, என்ன செய்வாய்?” என்று கதை நடத்துபவர் கேட்பார். “பூட்டை உடைக்கிறேன்” என்று ஆடுபவர் சொல்வார். உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். ஒரே கதை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீளும். பெரும்பாலும் வென்றவர், தோற்றவர் என்று கிடையாது. பணமும் வைப்பதில்லை.

இந்த வகையில் முதலாவதாக வெளிவந்து பெயர் பெற்றது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது. அதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் வந்தன. அவற்றில் ஒன்றுதான் ‘டீமன்: தி ஃபாலன்’. ஒயிட் வுல்ஃப் என்ற அமெரிக்க நிறுவனம் 2002-ல் வெளியிட்டது. 2004-ல் அந்த வரிசையையே நிறுத்திவிட்டார்கள். கடைகளில் புதிதாக அச்சிட்டு விற்பது நின்று இருபது வருடம் ஆகிறது. ஆனாலும் பழைய பிரதிகள் கைமாறுகின்றன. பிடிஎஃப் வடிவில் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. அதனால் “நம்ம ஊர்க் கடையில் இதெல்லாம் கிடைக்காது” என்று நிம்மதியாக இருக்க முடியாது.

இந்த விளையாட்டில் ஆடுபவர் ஏற்கும் பாத்திரமே ஒரு ‘டீமன்’தான். இறைவனை எதிர்த்துக் கிளர்ச்சி செய்து, பாதாளத்தில் அடைக்கப்பட்ட வானவர்களில் ஒருவர் தப்பி வந்து, நொந்துபோன ஒரு மனிதனின் உடலுக்குள் புகுந்துகொள்கிறார் என்பது கதை. மனிதனாக வாழ்ந்து திருந்துவதா, பழைய வெறுப்பிலேயே ஊறிக் கொடூரனாவதா என்பதுதான் ஆட்டத்தின் மையம். தீமை செய்யச் செய்ய ‘வேதனை’ என்ற மதிப்பெண் ஏறும்.

மார்க்கத்தின் பார்வையில்

முதல் பிரச்சினை அகீதா. இந்தக் கதை முழுவதும் கிறிஸ்தவ மரபில் உள்ள ‘வீழ்ந்த வானவர்கள்’ என்ற கருத்தின் மீது கட்டப்பட்டது. இஸ்லாத்தில் அப்படி ஒரு கருத்தே இல்லை. இப்லீஸ் ஜின் இனத்தைச் சேர்ந்தவன் என்று சூரா கஹ்ஃபின் 50-வது வசனம் தெளிவாகச் சொல்கிறது. மலக்குமார்கள் அல்லாஹ்வின் கட்டளைக்கு மாறு செய்வதில்லை என்பதை சூரா தஹ்ரீமின் 6-வது வசனத்தில் காண்கிறோம். மக்தப் பாடத்தை அரைகுறையாகப் படித்துவிட்டுப் போன பிள்ளை இப்படிப்பட்ட கதையில் மாதக்கணக்கில் மூழ்கினால், எது ஈமான், எது கற்பனை என்பது அவன் மனத்தில் கலங்கிவிடும்.

இரண்டாவது, வாயால் சொல்லும் வார்த்தை. படைத்தவனை எதிர்த்தவனாக நடிக்கும்போது அவனுடைய வாதங்களைத் தன் வாயால் பேச நேரிடும். அல்லாஹ்வையும் அவன் வசனங்களையும் தூதரையும் வைத்து, “சும்மா விளையாட்டுக்குப் பேசினோம்” என்று சாக்குச் சொன்னவர்களைச் சூரா தவ்பாவின் 65-வது வசனம் கண்டிக்கிறது. நடிப்பில்கூட இந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்றே உலமாக்கள் எச்சரிக்கிறார்கள்.

மூன்றாவது, பகடை. ‘நர்தஷீர்’ எனும் பகடை ஆட்டத்தை நபி (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்த செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது. பணம் வைக்காவிட்டாலும் பகடை ஆட்டம் கூடாது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. சூதாட்டம் கலந்தால்தான் ஹராம் என்று சொன்னவர்களும் உண்டு. கதை சொல்வதற்கு ஒரு கருவியாக மட்டும் பகடை உருட்டுவது இதில் அடங்குமா என்பதை உங்கள் பகுதி ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நான்காவது, நேரம். ஒரு அமர்வு மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று போகும். இஷா தவறி, ஃபஜ்ரும் தவறினால் அந்த விளையாட்டு எதைப் பற்றியதாக இருந்தாலும் நஷ்டம்தான்.

அதே சமயம், கற்பனையே கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததைக் கண்டு, “குதிரைக்கு இறக்கையா?” என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று ஆயிஷா (ரலி) பதில் சொல்ல, கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்குச் சிரித்தார்கள். அபூதாவூதில் உள்ள செய்தி இது. பிள்ளையின் கற்பனையை அவர்கள் அதட்டி அடக்கவில்லை.

ஆக, இந்தக் குறிப்பிட்ட விளையாட்டை நம் பிள்ளைகள் ஆட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. காரணம் மேலே சொன்னவைதான். “ஆடினால் ஜின் பிடித்துவிடும்” என்பது அல்ல காரணம்.

தவறு என்பது வேறு, ‘பிடித்திருக்கிறது’ என்பது வேறு

இந்த வேறுபாடு மிக முக்கியமானது. 2015-ல் சமூக வலைத்தளங்கள் வழியாகப் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவிய ‘சார்லி சார்லி’ நினைவிருக்கலாம். இரண்டு பென்சில்களைக் குறுக்காக வைத்து, ஏதோ ஒரு ஆவியை அழைத்துக் கேள்வி கேட்பது. அங்கே பிள்ளைகள் மறைவானதை உண்மையிலேயே கூப்பிடுகிறார்கள். அல்லாஹ் அல்லாத ஒன்றிடம் மறைவான செய்தி கேட்பது ஈமானையே தொடும் விஷயம். மேசைக்கதை விளையாட்டில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. எல்லாம் கதை என்று தெரிந்தே பேசுகிறார்கள். அந்தத் தாளில் எழுதியிருப்பது சூனிய எழுத்தல்ல, மதிப்பெண் கணக்கு.

ஈமான் கொண்டு தங்கள் ரப்பின் மீது தவக்குல் வைத்தவர்கள் மீது ஷைத்தானுக்கு அதிகாரமில்லை என்று சூரா நஹ்லின் 99-வது வசனம் நமக்கு உறுதி தருகிறது. ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்துவிட்டு அந்த உறுதியை நாமே மறந்துவிடலாமா?

அமெரிக்காவில் நடந்தது

இந்தப் பயம் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1979 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்த 16 வயது மாணவர் ஒருவர் காணாமல் போனார். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடப் போய்ப் பல்கலைக்கழகத்தின் நிலத்தடிச் சுரங்க வழிகளில் தொலைந்துவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடுதான் அங்கே போயிருந்தார். வயதுக்கு மீறிய படிப்புச் சுமை, தனிமை, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து அவரை அழுத்தியிருந்தன. அப்போது உயிரோடு கிடைத்தார். ஊரே விளையாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே அவர் தற்கொலை செய்துகொண்டார்.

1982-ல் தன் மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த பேட்ரிசியா புல்லிங் என்ற தாய், அந்த விளையாட்டில் மகன் மீது போடப்பட்ட சாபமே காரணம் என்று நம்பினார். பள்ளித் தலைமை ஆசிரியர் மீது அவர் தொடுத்த வழக்கு தள்ளுபடியானது. 1983-ல் இந்த விளையாட்டுகளுக்கு எதிராகவே ஓர் இயக்கம் தொடங்கினார். எதிர்ப்பு எந்த அளவுக்குப் போனது என்றால், 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘டீமன்’, ‘டெவில்’ என்ற சொற்களையே நிறுவனம் எடுத்துவிட்டது. 1990-ல் மைக்கேல் ஸ்டாக்போல் என்ற எழுத்தாளர் புல்லிங்கின் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவற்றுக்கு ஆதாரமில்லை என்று எழுதினார். இந்த விளையாட்டு தற்கொலைக்குக் காரணமாகிறது என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை.

பிள்ளையை இழந்த தாயின் வலியை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லோருடைய பார்வையும் விளையாட்டின் மீதே இருந்தபோது, பிள்ளைகளின் மனத்தில் இருந்த துயரத்தைக் கவனிக்க ஆளில்லாமல் போனது.

நமக்கு அருகிலேயே நடந்தது

இதே தவறு நம் பக்கத்து மாவட்டத்தில் இதைவிடக் கொடூரமாக நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. மனநோயை ஷைத்தானின் வேலை, ஜின்னின் வேலை என்று நம்பி, தர்காவின் பரக்கத்தால் குணமாகும் என்று உறவினர்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அந்த ஊரில் ஏராளம். பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டது. அனுமதியில்லாத காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிட்டுக் கட்டக் கூடாது என்கிறது. பின்னாளில் ஏர்வாடி தர்காவிலேயே மருந்தும் துஆவும் சேர்ந்த சிகிச்சைத் திட்டத்தை அரசு கொண்டுவந்தது.

‘பிடித்திருக்கிறது’ என்ற ஒரு சொல் ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம். ஜின் இருப்பதை நாம் நம்புகிறோம். குர்ஆனில் அந்தப் பெயரிலேயே ஒரு சூரா இருக்கிறது. ஆனால் ஜின் உண்டு என்று நம்புவது ஒன்று, நம் பிள்ளையின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஜின்தான் காரணம் என்று தீர்ப்பளிப்பது வேறு.

பெற்றோர் என்ன செய்யலாம்?

முதலில் கேளுங்கள். “இது என்ன விளையாட்டு, எப்படி ஆடுவீர்கள், யார் யார் ஆடுகிறார்கள்?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எடுத்த எடுப்பிலேயே புத்தகத்தைக் கொளுத்தினால், அடுத்த முறை அவன் உங்களிடம் எதையும் காட்ட மாட்டான்.

அடுத்து, காரணத்தோடு சொல்லுங்கள். இப்லீஸைப் பற்றிக் குர்ஆன் என்ன சொல்கிறது, இந்தக் கதை எங்கே மாறுபடுகிறது என்பதை அவனோடு சேர்ந்து தர்ஜமாவைப் பார்த்துப் பேசுங்கள். கல்லூரி படிக்கும் பிள்ளைக்கு, “பேய் பிடிக்கும்” என்ற பதில் சிரிப்பைத்தான் வரவழைக்கும். அவனாகப் புரிந்து விட்டுவிட்டால் அது நிலைக்கும்.

ஓதிப் பார்ப்பதைத் தாராளமாகச் செய்யுங்கள். ஃபாத்திஹா, ஆயத்துல் குர்ஸி, ஃபலக், நாஸ் சூராக்களைப் பெற்றோரே ஓதி ஊதலாம். அதற்கு இடைத்தரகர் தேவையில்லை, ஆயிரக்கணக்கில் காசும் தேவையில்லை. ஓதுகிறேன் என்ற பெயரில் அடிப்பவர்களிடமும் பட்டினி போடுபவர்களிடமும் பிள்ளையை விடாதீர்கள்.

விளையாட்டைவிடப் பிள்ளையைக் கவனியுங்கள். தூக்கம் கெட்டிருக்கிறதா? சாப்பாடு குறைந்திருக்கிறதா? நண்பர்களை விட்டு ஒதுங்கிவிட்டானா? “நான் இருந்து என்ன பயன்” என்பது போலப் பேசுகிறானா? யாரும் பேசாத குரல் கேட்கிறது என்கிறானா? இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். டெலி மானஸ் எண் 14416, தமிழக அரசின் 104 ஆகிய இரண்டுக்கும் கட்டணமில்லாமல் அழைத்துப் பேசலாம். அல்லாஹ் நோயை இறக்கியபோது அதற்கான மருந்தையும் இறக்கியிருக்கிறான், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிவழி. மாத்திரை சாப்பிடுவது தவக்குலுக்கு எதிரானதல்ல.

மஃரிபில் பிள்ளையை வீட்டுக்குள் கூப்பிடும் பழக்கம் நல்ல பழக்கம். உள்ளே வந்த பிள்ளையோடு உட்கார்ந்து பத்து நிமிடம் பேசும் பழக்கத்தையும் அதோடு சேர்த்துக்கொள்வோம்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் ஈமானையும் மனநலத்தையும் பாதுகாப்பானாக, ஷைத்தானின் ஊசலாட்டத்திலிருந்தும் நம்முடைய அவசரத் தீர்ப்புகளிலிருந்தும் அவர்களைக் காப்பானாக. ஆமீன்.