எண்களுக்குள் ஓர் இலக்கணம்

கணிப்பொறியின் ப்ராசஸர் சொற்களை அறியாது, எண்களையே அறியும். மனிதர் எழுதும் ‘மூவ்’, ‘ஆட்’ முதலிய கட்டளைச் சொற்களை எண்களாக மாற்றித் தரும் புரோகிராமுக்கு அசெம்ப்ளர் என்று பெயர். அதனைத் தாமே இயற்றப் புகுவோரை முதலில் அச்சுறுத்துவது கட்டளைப் பட்டியலின் நீளமேயாகும். 1976-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்டதும், நம் நாட்டுக் கல்லூரிகளில் நெடுங்காலம் பயிற்சிக் கருவியாக விளங்கியதுமான 8085-ஐ எடுத்துக்கொள்வோம். ஓரிடத்துள்ளதை வேறிடத்தில் பிரதி செய்யும் ‘மூவ்’ கட்டளைக்கு மட்டுமே 63 எண்கள் உள. இவற்றை வாய்ப்பாடுபோல் மனனம் செய்வது வீண் உழைப்பு. யானும் அவ்வாறு முயன்று கைவிட்டவனே.

கையேடுகள் பெரும்பாலும் இவ்வெண்களைப் பதினாறின் அடிமானத்தில் அச்சிடுகின்றன. அம்முறையில் ‘மூவ் பி, சி’ என்பது 41. ‘மூவ் சி, பி’ என்பது 48. இரண்டிற்கும் உறவு புலப்படவில்லை. எட்டின் அடிமானத்தில் எழுதினாலோ அவை 101, 110 என்றாகின்றன. திரை விலகிவிடுகிறது! முதல் இலக்கமாகிய 1 ‘மூவ்’ என்பதையும், நடு இலக்கம் சேருமிடத்தையும், கடை இலக்கம் புறப்படுமிடத்தையும் குறிக்கின்றன. பி, சி, டி, ஈ, எச், எல் என்னும் ரிஜிஸ்டர்களுக்கு முறையே 0 முதல் 5 வரையும், ஏ-க்கு 7-ம் உரியன. இடையிலுள்ள 6, எம் எனப்படும். எச், எல் இரண்டும் சேர்ந்து சுட்டும் நினைவக இடம் அது. ஆகவே ‘மூவ் ஏ, பி’ 170 என்பதை வாசகர் தாமே கூறிவிடலாம்.

எட்டை எட்டால் பெருக்கினால் 64 அன்றோ? எஞ்சிய ஒன்று எங்கே? எம்-இல் உள்ளதை எம்-இலேயே பிரதி செய்வதால் பயனில்லை. ஆதலின் அதற்குரிய 166-ஐ, இயக்கத்தை நிறுத்தும் ‘ஹால்ட்’ கட்டளைக்கு வழங்கிவிட்டனர். விதியை மட்டும் நம்பி எழுதிய அசெம்ப்ளரிடம் எவரேனும் ‘மூவ் எம், எம்’ என்று தந்தால், அது மறுப்பின்றி 166-ஐ ஈன்றுவிடும். ப்ராசஸர் நடுவழியில் நின்றுபோகும். இதனைப் பிழையெனத் தடுத்தல் அசெம்ப்ளரின் கடமை.

தாவும் கட்டளையாகிய ‘ஜம்ப்’ மூன்று பைட்டுகள் கொண்டது. முதலில் 303 என்னும் எண், அதன்பின் முகவரியின் கீழ்ப்பாதி, இறுதியில் மேற்பாதி. பதினாறின் அடிமானத்தில் 2050 என்னும் முகவரியை 50, 20 என்றே வைத்தல் வேண்டும். மாற்றி வைத்தால் ப்ராசஸர் 5020-க்குச் சென்று, அங்குள்ள எதையும் கட்டளையெனக் கொண்டு செயற்படும். மேலும், தாவவேண்டிய இடம் பின்னால் வருமாயின் அதன் முகவரி அப்போது தெரியாது. ஆதலால் பல அசெம்ப்ளர்கள் மூலத்தை இருமுறை படிக்கின்றன: முதன்முறை நீளங்களைக் கூட்டி முகவரிகளைக் குறித்துக்கொள்ளும், மறுமுறையே எண்களை எழுதும்.