ஒலி அட்டையை அளந்து வாங்குவோம்

ஒரு பாடலைப் பதிவு செய்ய ஒலிப்பதிவுக் கூடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தாக வேண்டும் என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது. இன்று வீட்டிலுள்ள மடிக்கணினியே அந்தக் கூடத்தின் பெரும்பகுதியாகிவிட்டது. இணையவழியில் பாடம் நடத்தும் சிதார் ஆசிரியர், ஹார்மோனியத்துடன் பஜன் பாடும் இல்லத்தரசி, கித்தார் பழகும் கல்லூரி மாணவர், பாட்டியின் தாலாட்டைப் பேரக்குழந்தைகளுக்காகச் சேமிக்க விரும்பும் குடும்பம் எனப் பலரும் இந்த முயற்சியில் இறங்குகின்றனர்.

இவர்கள் அனைவரும் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, எந்த ஒலி அட்டையை வாங்குவது என்பதே. சந்தையில் சில நூறு ரூபாய்க்கும் கருவி உண்டு. லட்ச ரூபாயைத் தாண்டியும் உண்டு. தேவையை அளக்காமல் வாங்குபவர், ஒன்று மலிவை நம்பி இரைச்சலை விலைக்கு வாங்குகிறார். இல்லையெனில், ஒருநாளும் பயன்படுத்தப்போகாத வசதிகளுக்குச் சேமிப்பைச் செலவிடுகிறார். பதிவின்போது கலந்துவிட்ட இரைச்சலைப் பின்னர் முழுமையாகப் பிரித்தெடுப்பது அரிது. பாட்டியின் குரலை மறுபடியும் பதிவு செய்யும் வாய்ப்பு எப்போதும் அமைவதில்லை. எனவே இத்தேர்வில் சற்று நிதானம் தேவை.

இருப்பதே போதுமா?

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்ட காலத்தில், ஒலி அட்டை என்பது கணினிக்குள் தனியே செருக வேண்டிய ஒரு பலகை. இன்று ஒலிக்கான சுற்று தாய்ப்பலகையிலேயே அமைந்துள்ளது. பாட்டுக் கேட்பதற்கு அது பெரும்பாலும் போதுமானது. யுஎஸ்பி கீபோர்டை இணைத்து, மென்பொருளிலுள்ள வாத்தியங்களைக் கொண்டே இசையமைப்பவருக்கும் அது போதும்; விண்டோஸ் கணினியில் ஏஎஸ்ஐஓ4ஆல் என்னும் இலவச டிரைவரை நிறுவிக்கொண்டால் தாமதம் குறையும். இத்தகையோர் ஒரு ரூபாயும் செலவிட வேண்டியதில்லை.

குரலையோ வாத்தியத்தையோ ஒலிவாங்கி வழியே பதிவு செய்ய விரும்புவோரின் நிலை வேறு. மடிக்கணினியின் சிறிய மைக் துளை உரையாடலுக்காக அமைந்தது. ஒலிவாங்கியின் நுண்ணிய மின்சைகையை இரைச்சலின்றிப் பெருக்கும் திறன் அதற்குக் குறைவு. இங்குதான் யுஎஸ்பி வழியே இணையும் வெளிப்புறப் பெட்டி தேவைப்படுகிறது. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று கடைகளில் கேட்டு வாங்க வேண்டியது இதையே.

அளக்க வேண்டியவை

முதல் அளவு, ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகளைப் பதிவு செய்யப்போகிறோம் என்பது. ஒருவரே முதலில் கித்தாரையும், பின்னர் அதைக் கேட்டுக்கொண்டே குரலையும் தனித்தனியே பதிவு செய்வாராயின் ஓர் ஒலிவாங்கி உள்ளீடு போதும். பாடகரும் தபலா வாசிப்பவரும் சேர்ந்து அமர்ந்தால் இரண்டு வேண்டும். நான்கும் எட்டும் குழுவாகப் பதிவு செய்வோருக்கானவை.

இரண்டாவது, நாம் இணைக்கப்போகும் பொருள். கண்டென்சர் வகை ஒலிவாங்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு 48 வோல்ட் ஃபான்டம் மின்னூட்டம் வேண்டும். பெட்டியில் அதற்கான பொத்தான் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். மலிவான சில கண்டென்சர் ஒலிவாங்கிகளுடன் மடிக்கணினித் துளையில் செருகும் கம்பியும் சேர்த்து விற்கப்படுகிறது. அந்தத் துளை தருவது சில வோல்ட் மட்டுமே. எலெக்ட்ரிக் கித்தாரை அல்லது பிக்கப் பொருத்திய வயலினை நேரடியாக இணைப்போருக்கு, ஹை-இசட் என்று குறிக்கப்பட்ட உள்ளீடு இன்றியமையாதது.

மூன்றாவது, தாமதம். நாம் பாடும் குரல் கணினிக்குள் சென்று ஹெட்ஃபோனுக்குத் திரும்புவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும் ஒலி, மூன்றரை மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 10 மில்லிவினாடி ஆகிறது. அவ்வளவு தாமதம் அறையின் மறுகோடியில் இருப்பவரின் வாசிப்பைக் கேட்பது போன்றது; பழகிவிடும். அது 30, 40 மில்லிவினாடியானால் தாளம் தடுமாறும். விண்டோஸ் பயன்படுத்துவோர், தயாரிப்பாளரே தரும் ஏஎஸ்ஐஓ டிரைவர் தம் கணினிக்கு உண்டா என உறுதி செய்துகொள்வது நன்று. குரலைக் கணினிக்குள் அனுப்பாமலே ஹெட்ஃபோனில் ஒலிக்கச் செய்யும் டைரக்ட் மானிட்டர் வசதி இருந்தால் பாடகரின் சிக்கல் பெருமளவு தீரும்.

மயக்கும் எண்கள்

பெட்டியின் மேல் 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். மனிதச் செவி கேட்பது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதைப் பதிவு செய்ய அதன் இருமடங்கைச் சற்றே தாண்டிய வேகம் போதும் என்பதாலேயே குறுந்தகடு 44.1 கிலோஹெர்ட்ஸில் அமைந்தது. வீட்டுப் பதிவுக்கு 48 போதும். 24 பிட்டில் இரு தடங்கள் கொண்ட ஒரு நிமிடப் பதிவு, 48-இல் ஏறத்தாழ 17 மெகாபைட். 192-இல் 69 மெகாபைட். வட்டில் இடம் நிறைவதே மிச்சம்.

கவனிக்கத்தக்க எண் பிட் அளவு. 16 பிட் கோட்பாட்டளவில் 96 டெசிபல் இடைவெளியையும், 24 பிட் 144 டெசிபலையும் தருகிறது. 24 பிட்டில், உச்ச ஒலி எல்லைக்கு 12 டெசிபல் கீழே நிற்குமாறு தாராளமாக இடம்விட்டுப் பதியலாம். திடீரென உயரும் குரலும் சிதையாது. ஒரே நிறுவனத்தின் பெட்டிகளிலும் இதில் வேறுபாடு உண்டு. பெஹ்ரிங்கரின் யுஎம்2 16 பிட். யுஎம்சி202எச்டி 24 பிட். பெயரை மட்டும் பார்த்து வாங்கலாகாது.

குரலை மாற்றும் பொத்தான்களும் கைதட்டல் ஓசையும் கொண்டு, நேரலைக்கான ஒலி அட்டை என்று விற்கப்படும் பெட்டிகள் பொழுதுபோக்குக்கானவை. இசைப்பதிவுக்கு அவற்றைத் தவிர்ப்பது நலம்.

பணத்தைப் பங்கிடுதல்

கையிருப்பு ரூ.20,000 எனக் கொள்வோம். முழுவதையும் பெட்டிக்கே செலவிட்டால் ஒலிவாங்கிக்குப் பணம் இராது. பெட்டிக்கு ரூ.8,000, ஒலிவாங்கிக்கு ரூ.6,000, காதை மூடும் ஹெட்ஃபோனுக்கு ரூ.4,000, தாங்கிக்கும் கம்பிகளுக்கும் ரூ.2,000 என வரம்பிட்டுக்கொண்டு, அவ்வரம்புக்குள் தேடலாம். மென்பொருளுக்கெனப் பணம் ஒதுக்கத் தேவையில்லை. ஆடாசிட்டி இலவசம், ஆப்பிள் கணினிகளில் கராஜ்பேண்டும் அவ்வாறே.

வட்டியில்லாத் தவணை என்ற அறிவிப்பைக் கண்டால் சற்று நின்று கணக்கிடுங்கள். கடன் அட்டை நிலுவைக்கான இத்தகைய திட்டங்களில் வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமாக மறைந்து நிற்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் சுட்டிக்காட்டியது. தவணையின் மொத்தத் தொகையை, கட்டணங்களும் வரியும் உட்பட, ரொக்க விலையுடன் ஒப்பிட்டால் உண்மை விளங்கும். மூன்று மாதம் சேமித்து வாங்குவது பல நேரங்களில் இலாபகரமானது. அந்த இடைவெளியில் தேவையும் தெளிவடையும். பழைய பெட்டியை வாங்குவோர், அதை நம் கணினியிலேயே இணைத்து, 48 வோல்ட் பொத்தானையும் ஒவ்வொரு திருகுகுமிழையும் இயக்கிப் பார்த்த பின்னரே பணம் தருவது நன்று. புதிதாயின், இந்தியாவில் செல்லும் உத்தரவாதமும் ரசீதும் இருத்தல் வேண்டும்.

விலையில்லா மேம்பாடு

எவ்வளவு உயர்ந்த பெட்டியும் மின்விசிறியின் ஓசையை நீக்கித் தராது. பதிவின்போது விசிறியை நிறுத்துங்கள். கனத்த திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்தால் அறையின் எதிரொலி குறையும். தெருவோசை மிகுந்த வீட்டில், வாய்க்கு அருகே வைத்துப் பாடும் டைனமிக் ஒலிவாங்கியே கண்டென்சரைவிட ஏற்றது. 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால், மின்னூட்டியைக் கழற்றி மடிக்கணினியை மின்கலத்தில் இயக்கிப் பாருங்கள். ஓசை நின்றுவிட்டால் குறை பெட்டியில் இல்லை. வீட்டு மின்னிணைப்பின் நிலத்தொடர்பைச் சரிபார்க்க வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது முன்னோர் வாக்கு. ஒரு குரல், ஒரு வாத்தியம், அமைதியான ஓர் அறை இவற்றை அளந்து, அவற்றுக்குப் போதுமான மிகச் சிறிய நல்ல பெட்டியை வாங்குங்கள். மிஞ்சும் பணம் நல்ல ஒலிவாங்கிக்குப் பயன்படட்டும்.